தியநாத் சமரசிங்கவின் மதுப்பழக்க ஆய்வுகளும் மலையகத் தோட்டங்களும்

தியநாத் சமரசிங்க கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பணியாற்றிய உளமருத்துவர், மதுப்பழக்க ஆய்வாளர். குடியால் விளையும் கேட்டைக் குடிப்பவரின் நோய் என்ற அளவில் நிறுத்தாமல், அவருடைய வீடு, கூட்டாளிகள், கொண்டாட்டம், கடன் எல்லாவற்றோடும் சேர்த்து ஆராய்ந்தவர். நோர்வே ஆய்வாளர் பெர்க்லியொட் பாக்லியனுடன் இணைந்து இலங்கையில் மதுவும் வறுமையும் குறித்து 2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வும், 2006இல் ‘அடிக்சன்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையும் முக்கியமானவை. நுவரெலியா - இராகலைப் பாதையில் உள்ள கந்தப்பளை போன்ற தோட்டப் பகுதிகளில் குடிநோய்ச் சிகிச்சை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு இவ்வாய்வுகள் தெளிவான விடை தருகின்றன. தொடங்கவேண்டிய இடம் தூரத்து ஆஸ்பத்திரிக் கட்டில் அல்ல, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயம்தான்.

ஏழைக் குடும்பங்கள் குடிக்குச் செலவிடும் தொகை வெளியே சொல்லப்படுவதைவிட மிக அதிகம் என்பது பாக்லியன் - சமரசிங்க ஆய்வின் மைய முடிவு. அதில் பதிலளித்த ஆண்களில் பத்து சதவீதத்துக்கும் மேலானோர் தமது வழக்கமான வருமானத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ மதுவுக்குச் செலவிட்டனர். வருமானத்தை மிஞ்சி எப்படிச் செலவிட முடியும் என்று தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கைமாற்று, அடகுக்குப் போன தோடு, மனைவியின் கொழுந்துச் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். சம்பளத் துண்டை எடுத்துப் பார்த்தால் சேமலாப நிதி, சந்தா, அட்வான்ஸ், கோயில் காசு என்று ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வரி இருக்கும். சாராயத்துக்கும் கள்ளச் சாராயமான கசிப்புக்கும் போனது மட்டும் எந்த வரியிலும் இராது. எழுதப்படாத செலவைக் குறைக்க யாரும் திட்டமிடுவதில்லை.

குளிரும் உடல் நோவும் குடிக்க வைக்கின்றன என்பது மலையகத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் எதிர்வாதம். உழைப்பின் கடுமையை மறுப்பதற்கில்லை. ஆனால் மது உடலைச் சூடாக்குவதில்லை; தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. அதே பனியில், அதே மழையில், கூடை சுமந்து மலையேறும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் குடிப்பதில்லை. குளிர்தான் காரணமென்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. குடித்தவன் எதைச் செய்தாலும் ‘அவன் நிதானத்தில் இல்லை’ என்று ஊர் மன்னிக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்; சமரசிங்க கேள்விக்கு உட்படுத்தியது அந்த வழக்கத்தைத்தான். அந்தச் சலுகை பறிக்கப்படும்போது குடியின் கவர்ச்சியில் பாதி போய்விடும்.

ஊர் திருந்தினால் நோயாளி குணமாவாரா என்ற கேள்வி நியாயமானது. கடுமையாக அடிமையானவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு மருத்துவக் கண்காணிப்பும் மருந்தும் தயமின் உயிர்ச்சத்தும் வேண்டும். சாமி முன் சத்தியம் மட்டும் போதாது. அந்த நிலையை எட்டாத, ஆனால் தீங்காகக் குடிக்கும் ஆண்களைப் பற்றிக் கோவாவில் அபிஜித் நட்கர்ணியும் விக்ரம் பட்டேலும் பிறரும் நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அங்கே ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். நான்கு அமர்வுகளுக்கு மேற்படாத அந்த ஆலோசனையைப் பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் மூன்று மாதத்தின் முடிவில் குடிக்காதிருந்தனர். பெறாதவர்களில் 18 சதவீதத்தினரே அப்படி இருந்தனர். தோட்ட நலன்புரி உத்தியோகத்தருக்கும் பிள்ளைக் காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) நடத்தும் பெண்ணுக்கும் இதே பயிற்சியைக் கொடுக்கலாம்.

குடியைக் குறைக்க மதுவின் விலையைக் கூட்டலாம் என்றால், கசிப்பு பெருகும் என்பது இன்னொரு மறுப்பு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது கசிப்பைப் பிடிப்பதற்கான காரணமே தவிர, சாராயத்தை மலிவாக்குவதற்கான காரணம் அல்ல. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்துள்ளது. அச்சட்டம் தோட்டத்துக் கடை வரை எட்டவேண்டும். வீட்டில் குடிநோயால் தவிப்பவர் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம்.