தோலில் பூக்கும் பூசணம்: மூச்சுக்குள் போனால் என்ன ஆகும்? சிகிச்சை என்ன?

"சரக்குல பூசணம் பூத்துடுச்சு." மழைக்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து தோல் குடோன்களில் இது கவலைக்குரிய செய்தி. குரோம் போட்டுப் பதனிட்டு, காயவைக்காமல் ஈரமாக அடுக்கும் 'வெட் ப்ளூ' தோலில் பாதி எடை தண்ணீர்தான். லேசான அமிலத்தன்மையும் இருப்பதால் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளுக்கு அது வசதியான இடம். சரக்கு கெட்டால் நஷ்டக் கணக்கு போடுகிறார்கள். அதைத் தட்டித் துடைப்பவரின் மூக்குக்குள் போகும் பூஞ்சை வித்துகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது விஷமா, அலர்ஜியா?

பெரும்பாலும் அலர்ஜி. தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும். இதைவிட ஆபத்தானது 'ஹைபர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்' என்ற நுரையீரல் அழற்சி. பூசணத் தூசியில் வேலை பார்த்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். லீவு நாளில் குறையும், வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் வரும். 'வைரல் ஃபீவர்' என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கியே நாளைக் கடத்தினால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு மறையாது.

நிஜமான பூஞ்சை விஷம் பெரும்பாலும் சாப்பாட்டு வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு, கல்லீரல் பாதிக்கப்பட்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் அஃப்ளடாக்சின். அதற்கு இன்றும் முறிமருந்து கிடையாது.

சிகிச்சை என்ன?

முதல் சிகிச்சை, பூசணம் இருக்கும் இடத்தை விட்டு விலகுவது. அது நடக்காமல் எந்த மருந்தும் நிலைத்த பலன் தராது. இழுப்புக்கு இன்ஹேலர், மூக்குக்கு ஸ்பிரே, நுரையீரல் அழற்சிக்கு டாக்டர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு. ஆம்போடெரிசின் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் எல்லோருக்கும் இல்லை. 2021-ல் பார்த்த கருப்புப் பூஞ்சை மாதிரி, உடலுக்குள்ளேயே பூஞ்சை வளர்ந்தால்தான் அவை தேவை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், எதிர்ப்புசக்தி குறைவு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். 'டீடாக்ஸ்' பவுடர்களை நம்பி காசை விட வேண்டாம்.

பூசணத்தைக் கொல்லும் மருந்தும் ஆபத்தா?

ஆமாம். ஒரு காலத்தில் தோலுக்குப் போட்ட பென்டாகுளோரோஃபீனாலை 1989-ல் ஜெர்மனி தடை செய்தபோது தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. பூசணம் வராமலிருக்க சோபா, ஷூ பெட்டிகளில் போட்ட டைமெத்தில் ஃபியூமரேட் பாக்கெட்டால் ஐரோப்பாவில் பலருக்குத் தோல் வெந்ததுபோல் ஆனது. 2009-ல் அங்கே தடை. இப்போது பயன்படும் டிசிஎம்டிபி-யும் தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

வீட்டுச் சுவரில் பூசணம் என்றால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரை பாத்ரூம் ஆசிட்டோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

தொழிலாளர்கள் டாக்டரிடம் என்ன வேலை, எந்தப் பிரிவு, லீவில் குறைகிறதா என்பதைச் சொல்லி, சீட்டில் எழுத வைப்பது நல்லது. கரிமத் தூசியால் வரும் நுரையீரல் அழற்சி சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இஎஸ்ஐ-யில் உரிமை கேட்கும்போது அந்தச் சீட்டு தேவைப்படும்.