சர்க்கரையின் வழியே மூளைக்கு: சிதம்பரம் ஆய்வுக்கூடங்களின் வரலாறு

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எரிபொருளைப் பெரிய அளவில் சேமித்து வைக்க இயலாத அவ்வுறுப்பு, இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை நம்பியே இயங்குகிறது. உண்ட உணவு செல்லுக்குள் ஆற்றலாகவும் புதிய பொருள்களாகவும் மாறும் வேதிநிகழ்வுகளின் தொகுதி வளர்சிதைமாற்றம் எனப்படும். முதுமையில் நினைவைச் சிறிது சிறிதாக அழிக்கும் அல்சைமர் நோயில் வளர்சிதைமாற்றம் எவ்விடத்தில் தடுமாறுகிறது என்ற கேள்வி, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகருக்கு நீரிழிவு ஆராய்ச்சியின் வழியாகவே வந்து சேர்ந்தது.

1906இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோயிஸ் அல்சைமர் இந்நோயை முதலில் எடுத்துரைத்தபோது, அவர் முன் இருந்தது இறந்த நோயாளியின் மூளைத் திசு மட்டுமே. சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மூச்சில் கலந்து கொடுத்து, உயிருள்ளவரின் மூளை செலவிடும் ஆக்சிஜனை அளக்கும் முறையை 1940களில் அமெரிக்காவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் உருவாக்கினர். முதுமை மறதி கண்டவர்களின் மூளையில் அச்செலவு குறைந்திருப்பது 1951 அளவிலேயே தெரியவந்தது. 1976இல் பென்சில்வேனியாவில், கதிரியக்க ஃபுளோரின் இணைக்கப்பட்ட குளுக்கோஸ் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்ட பிறகு, அல்சைமர் நோயாளிகளின் உச்சி மடலும் பொட்டு மடலும் குளுக்கோஸைக் குறைவாக ஏற்பதைப் படமாகவே காண முடிந்தது. இப்படங்களை எடுக்கும் பெட் கருவி இந்தியாவுக்கு, மும்பையில், 2002இல்தான் வந்தது. அதுவரையிலும், அதற்குப் பின் பல ஆண்டுகளும், சிறு நகரத்து ஆய்வாளர்களுக்கு எலியின் மூளைத் திசுவே துணை.

அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து வளர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்ற நிறுவனத்தின் உயிர்வேதியியல் துறை, 1990களின் இறுதியில் நீரிழிவுக்கு நாட்டு மருத்துவம் கையாண்ட தாவரங்களை ஒவ்வொன்றாக எலிகளில் சோதிக்கத் தொடங்கியிருந்தது. நாவல் கொட்டையைப் பற்றிய ஆய்வு 1998இலும், வாழைப்பூவைப் பற்றியது 2000இலும், ஆவாரம்பூவைப் பற்றியது 2002இலும் வெளிவந்தன. ஆவாரம்பூ ஆய்வில் எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கப் பயன்பட்டது ஸ்ட்ரெப்டோசோடோசின். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று உற்பத்தி செய்யும் இப்பொருள், குளுக்கோஸைப் போன்ற வடிவம் கொண்டிருப்பதால் கணையத்தின் பீட்டா செல்களுக்குள் எளிதாக நுழைந்து அவற்றைக் கொல்கிறது.

இவ்வரிசையில் கூடுதல் கவனத்துக்குரியது 2003இல் வெளிவந்த ஆய்வு. ஆவாரம்பூச் சாறு கொடுக்கப்பட்ட நீரிழிவு எலிகளின் இரத்தத்தோடு நில்லாமல், அவற்றின் மூளையில் கொழுப்பு எந்த அளவுக்கு ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்துள்ளது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்தனர். இதற்கான வழக்கமான சோதனையில், குளிர்ந்த கரைசலில் அரைத்த திசு தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்த்துக் கொதிநீரில் சூடாக்கப்படுகிறது. கொழுப்புச் சிதைவு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு அடர்த்தியாகச் சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் எழும். நீரிழிவு எலியின் மூளை அந்நிறத்தை மிகுதியாகக் காட்டியது, ஆவாரம்பூ அதைக் குறைத்தது. அல்சைமர் என்ற சொல்லை முன்வைக்காத ஆய்வாயினும், சர்க்கரையின் கோளாறு மூளையில் என்ன செய்கிறது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

அதே கேள்வியை உலகின் பிற ஆய்வுக்கூடங்களும் நெருங்கிக்கொண்டிருந்தன. மூளையிலும் இன்சுலின் ஏற்பிகள் பரவலாக உள்ளன என்பது 1978இல் எலிகளில் அறியப்பட்டது. ஜெர்மனியில் சீக்ஃப்ரீட் ஹோயர் குழுவினர் ஸ்ட்ரெப்டோசோடோசினை இரத்தத்தில் செலுத்தாமல் எலியின் மூளை அறைக்குள்ளேயே சிறிதளவு செலுத்தியபோது, குளுக்கோஸ் பயன்பாடு குறைந்து நினைவும் மங்கியது. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் டி லா மான்டே குழுவினர் அல்சைமரை மூன்றாம் வகை நீரிழிவு என்று அழைக்கலாமா என்ற கேள்வியை எழுப்பினர். அப்பெயர் அனைவராலும் ஏற்கப்படவில்லை.

சிதம்பரத்தில் அல்சைமர் நேரடியாக ஆய்வுப்பொருளானது அடுத்த பத்தாண்டில். 2015இல் வெளிவந்த ஆய்வில், அல்சைமரைப் போன்ற கோளாறுகளை உண்டாக்க எலிகளுக்கு 60 நாள் அலுமினியம் குளோரைடு செலுத்தப்பட்டு, கூடவே ஆரஞ்சு முதலிய பழங்களில் கிடைக்கும் ஹெஸ்பெரிடின் வாய்வழியே கொடுக்கப்பட்டது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு புரதங்கள் அலுமினியத்தால் உயர்ந்தன; அவை ஹெஸ்பெரிடினால் தணிந்தன. 2016இல் நெல்லிக்கனியின் துவர்ப்புப் பொருள்கள் ஆராயப்பட்டபோது ஜி.எஸ்.கே.-3 என்ற நொதியின் பாதை மையமாக அமைந்தது. குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும் செயலைக் கட்டுப்படுத்துவதாக அறியப்பட்டுப் பெயர் பெற்ற இந்நொதியை இன்சுலின் அடக்கி வைக்கிறது. அடக்கம் தளர்ந்தால் அது டாவ் புரதத்தில் பாஸ்பேட்டை மிகையாக ஏற்றி, மருத்துவர் அல்சைமர் அன்று மூளைத் திசுவில் கண்ட நார்முடிச்சுகளுக்கு வழிவகுக்கிறது. நாவலிலும் ஆவாரையிலும் தொடங்கிய ஆய்வு, நெல்லியின் வழியாக மீண்டும் இன்சுலினிடமே வந்து நின்றது வியப்புக்குரியது. ஆயினும் மனிதருக்கு அல்சைமர் வரக் காரணம் அலுமினியமே என்று நிறுவப்படவில்லை. இந்த எலி, நோயின் சில கூறுகளை மட்டுமே காட்டும் மாதிரி. நெல்லி தின்றால் மறதி நீங்கும் என்று இவ்வாய்விலிருந்து கூறுவது பிழையாகும்.

கடலூர்க் கரையின் தாவரங்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்தின் சுரபுன்னை, வெண்கண்டல், உமிரி ஆகியவற்றின் இனங்களைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, அவை அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றனவா என்று 2009இல் எழுதினர். நினைவுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலினின் ஒரு பாதி, குளுக்கோஸ் உடைந்து உருவாகும் அசிட்டைல் கோ-ஏ என்ற பொருளிலிருந்தே கிடைக்கிறது. எனவே குளுக்கோஸ் பயன்பாடு சுருங்கினால் அதன் உற்பத்தியும் சுருங்கும். இன்று மருத்துவர்கள் தரும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகிய மருந்துகள் அந்நொதியைத் தடுத்து, உள்ள அசிட்டைல்கோலினைச் சற்று நேரம் காக்கின்றனவே அன்றி, குறைந்துபோன எரிபொருளை மூளைக்குத் திரும்பக் கொடுப்பதில்லை.