நிலவுக்கு ஒளிக்கும் கூட்டம்

மாதக்கணக்காகச் சூரியன் உதிக்காத துருவக் குளிர்காலத்தில் கடலுக்குள்ள ஒண்டும் பெரிசா அசையாது எண்டுதான் கனகாலம் நம்பியிருந்தார்கள். அதுக்கு ஒரு நியாயமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் விலங்குப் பிளாந்தன்கள் எண்டு படிச்ச, இறாலின் ஒன்றுவிட்ட சொந்தங்களான அந்தச் சின்னன்கள் இரவில் மேலே வந்து சாப்பிடும். விடிய முதல் மீனின் கண்ணுக்குத் தப்பி ஆழத்துக்குப் போகும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் சோனாரில் பொய்யான கடலடியாகத் தெரிந்ததும் இப்படி ஏறி இறங்கும் உயிர்கள்தான். ஆனால் விடியலே இல்லாத இடத்தில்?

அங்கேயும் ஏறி இறங்குகின்றன. ஸ்வால்பார்ட் தீவுகளில் செய்து 2009 இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டியது. 2016 இல் வந்தது இன்னும் சுவையானது. ஆர்க்டிக் கடலுக்குள் வருடக்கணக்காக விட்டிருந்த ஒலிக்கருவிகளின் பதிவுகளில், நடுக்குளிர்காலத்தில் அவற்றின் நாள் 24 மணித்தியாலம் இல்லை, 24.8. அது நிலவின் நாள்! முழுநிலவு வந்தால் சுமார் 50 மீற்றருக்கு இறங்கிவிடுகின்றன.

நிலவுக்கே இப்படியெண்டால், ஆய்வுக்கப்பலின் வெளிச்சத்துக்கு? 2018 இல் வந்த ஓர் ஆய்வுக்காக வெளிச்சமில்லாத ஆளில்லாப் படகை விட்டுப் பார்த்தார்கள். 2020 இல் வந்த ஆய்வில், கப்பலின் விளக்குகளைப் போட்டவுடனேயே 200 மீற்றர் ஆழம் வரை மீனும் பிளாந்தனும் நடத்தையை மாற்றிக்கொண்டன. எங்களுக்கு உறுத்துவது இதுதான்: எவ்வளவு மீன் பிடிக்கலாம் எண்ட கணக்குக்கு அடிப்படை, இப்படி விளக்கெரியும் கப்பல்கள் எடுக்கிற அளவுகள்தானே.