ஒலியை அளந்து வெட்டியோர்
1935-இல் மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி வானொலி நிலையம் கண்டார். அவ்வாண்டே பெர்லினில் காந்த நாடாக் கருவி காட்சிக்கு வந்தது. 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சாமராஜநகர்ச் சீமையிலோ, மலை மாதேசுவரர் காவியத்தைத் தேவரகுட்டர் கம்சாளைத் தாளத்துடன் நெடுநேரம் பாடுவர். 'சாலு' என்னும் பகுதிகளே அதன் எல்லைக்கற்கள். இத்தகைய பாடலை அரைமணி ஒலிபரப்பில் அடக்குவது எங்ஙனம்?

நாடாக் காலத்தில், நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சவர அலகால் சாய்வாக வெட்டி ஒட்டினர். வெட்டுண்டது கூடைக்குப் போயிற்று. இன்று கணினியில் இடும் குறிகள் தொடக்கத்தையும் முடிவையும் சுட்டுவனவேயன்றி மூலப் பதிவைத் தீண்டுவதில்லை. ஆயினும், பாடுவோர் மூச்சு முடியும் இடத்தைக் கருவி அறியாது. பழகிய செவியே அறியும்.

பிறமொழி நாட்டில் வாழும் நாம் நம் முதியோர் பாட்டைப் பதியுங்கால், முழுமையை முதலிற் காப்போம். குறிகளைப் பின்னர் இடுவோம்.