ஓடி ஒளிந்த ஆயர்

பிறரைத் தீர்ப்பிடலாகாது என்னும் ஆண்டவரின் கட்டளையைச் சிறுவயது முதலே நாம் கேட்டு வருகிறோம். கேட்பது எளிது, கடைப்பிடிப்பது அரிது. அது எத்துணை அரிது என்பதை ஆதித் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டுணர்ந்தது.

உரோமைப் பேரரசன் டேசியஸ், மக்கள் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும் என ஆணையிட்டான். அத்தகைய பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தில் கிடைத்துள்ளன. 250-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் திருத்தந்தை ஃபபியான் மறைசாட்சியாக உயிர் நீத்தார். ஆனால் அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர்களும் பலர். சிலர் பலியிடாமலே கைப்பொருள் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். சிலரோ வதைகளை நெடுநேரம் தாங்கி, முடிவில் தளர்ந்தனர்.

கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் மறைவிடம் தேடிச் சென்று, அங்கிருந்து மடல்கள் வழியாகத் தம் மந்தையை வழிநடத்தினார். உரோமைக் குருக்கள் எழுதிய மடல் ஒன்று, ஓநாயைக் கண்டு ஓடும் கூலியாளின் உவமையைக் காட்டி, அவரை மறைமுகமாகக் கடிந்தது.

251-இல் அவர் திரும்பியபோது, தவறியவர்களை என் செய்வது என்ற வினா எழுந்தது. கேட்டவர்க்கெல்லாம் உடனே மன்னிப்பு என்பதை அவர் ஏற்கவில்லை. மீளவே வழியில்லை என்பதையும் ஏற்கவில்லை. அவ்வாண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆய்ந்து, அதற்கேற்பத் தவமுயற்சி விதித்தனர். பலியிட்டவரும் மனம் வருந்தினால், மரண வேளையிலேனும் திருச்சபையின் சமாதானம் பெறலாம் என்றனர். உரோமையில் நொவாசியன் இதனை எதிர்த்தார். தவறியவர்களுக்குக் கதவை அடைத்தார். திருத்தந்தை கொர்னேலியுவுக்கு எதிராகத் தம்மையே ஆயராக்கிக் கொண்டு பிரிந்தார். தூய்மையைக் காக்கப் புறப்பட்டவர் ஒற்றுமையைக் குலைத்தார்.

முடிவு என்ன? நாடுகடத்தப்பட்ட கொர்னேலியு 253-இல் அங்கேயே இறந்தார். கூலியாள் எனச் சுட்டப்பட்ட சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று, ஓடாமல் ஒளியாமல், வாளுக்குத் தலைகொடுத்தார். அவரைக் கோழை என்று 250-இல் தீர்ப்பெழுதியோர், எட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கலாகாதா!

பாவத்தைப் பாவம் எனச் சொல்லத் திருச்சபை என்றும் தயங்கியதில்லை. ஆயினும் பாவியின் கதையை முடித்து வைக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. நாமோ, பல ஆண்டுகளாகக் கோவிலுக்கு வராதவர் ஒருநாள் கடைசி இருக்கையில் வந்து அமர்ந்தால், திரும்பிப் பார்த்துக் கிசுகிசுக்கிறோம். மதுவில் வீழ்ந்தவரையும், மணவாழ்வு முறிந்தவரையும் அந்த ஒரு பெயராலேயே அழைக்கிறோம். அவர் எத்தனை நாள் போராடிய பின் தளர்ந்தார் என நாம் அறிவோமா? இறைவன் அவருக்கென வைத்திருக்கும் நாளைத்தான் அறிவோமா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 16-இல் கொர்னேலியுவையும் சிப்ரியானையும் திருச்சபை ஒன்றாகவே நினைவுகூர்கிறது. அந்நாளில் திருப்பலிக்குச் செல்லும் நாம், யாரைப் பற்றி என்றோ தீர்ப்பெழுதி முடித்துவிட்டோமோ, அவருக்காக ஒரு செபம் சொல்வோம்.