களைச்செடியைப் படம் எடுத்த வாத்தியார்

பூ போட்டோன்னா நமக்கு ஒரு ரோஜா, பின்னாடி மங்கலா கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான். ஆனா பெர்லின்ல கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட்னு ஒரு வாத்தியார் இருந்தார். கலைத்தொழில் பள்ளியில் சுமார் 30 வருஷம் பாடம் எடுத்தவர். சின்ன வயசுல இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை பழகினவர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா செடியையும் அவர் அந்தக் கண்ணாலதான் பார்த்தார்.

தோட்டத்துப் பூ அவருக்குப் பெரிசா தேவைப்படலை. சாலையோரம், ரயில்பாதை மேடுன்னு சுத்தி, களைச்செடிகளைப் பறிச்சுட்டு வருவார். கண்ணாடித் தகட்டில் படம். பின்னணி வெறும் சாம்பல் இல்லன்னா வெள்ளை. சில படங்கள் 20 மடங்குக்கு மேல பெரிசாக்கினவை. சுருண்டிருக்கிற பெரணியின் இளந்தளிர், இரும்பு கேட்டில் வளைச்சுவிட்ட கம்பி மாதிரியே இருக்கும். எல்லாமே மாணவர்களுக்கு வடிவம் காட்டத்தான்.

1928-ல் அந்தப் படங்களில் 120, 'கலையின் மூல வடிவங்கள்'னு புத்தகமா வந்துச்சு. அவருக்கு அப்போ 60 வயசு தாண்டியாச்சு. வால்டர் பெஞ்சமினே விமர்சனம் எழுதினார்.

ஆனா ஒரு சிக்கல். படம் எடுக்குறதுக்கு முன்னாடி, வேண்டாத இலையையும் கிளையையும் வெட்டிடுவார். இயற்கையே சிற்பின்னு காட்டுறவர் கையில் கத்தரி! வகுப்பறையில் இது தப்பே இல்லைங்கிறது என் கருத்து. சார்ட்ல யாராவது வேண்டாததையும் வரைவாங்களா? புத்தகத்தில் பார்த்தவங்களுக்குத்தான் அந்தக் கத்தரி தெரியாமப் போச்சு.