பூவா, தலையா?

காசைச் சுண்டிவிட்டுப் பூவா, தலையா என்று கேட்பது சிறுவர் விளையாட்டென நாம் எண்ணுகிறோம். ஆயினும், அவ்விளையாட்டின் கணக்கிலே பேரறிஞரும் இடறி விழுந்தனர் என்பது சரித்திரம்.

1654-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்தில் பாஸ்கல், பெர்மா என்னும் இரு கணித நிபுணர்கள் கடித வாயிலாக ஒரு வினாவை ஆராய்ந்தனர். இருவர் தலைக்கு 32 பொற்காசு பந்தயம் வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே பணம் முழுதும். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கையில் ஆட்டம் நின்றுவிடின், பணத்தை எவ்விதம் பங்கிடுவது? இன்னும் இரண்டு ஆட்டத்தில் யாவும் தீர்ந்துவிடும். முன்னவர் இரண்டையும் வெல்லலாம், முதலாவதை மட்டும் வெல்லலாம், இரண்டாவதை மட்டும் வெல்லலாம், இரண்டிலும் தோற்கலாம். இந்நான்கில் மூன்று அவருக்குச் சாதகம். ஆகவே 64 காசில் அவருக்கு 48, மற்றவருக்கு 16.

காசுக்கும் இதுவே கணக்கு. இருமுறை சுண்டினால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு விதம். ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு முக்கால்.

நூறாண்டு கழிந்து, 1754-ல், தலாம்பேர் என்னும் புகழ்பெற்ற மேதை பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் இதனை மறுத்தெழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்ததன்றோ? ஆதலின் விதங்கள் மூன்றே. வாய்ப்பு மூன்றில் இரண்டே என்பது அவர் வாதம். விதங்கள் மூன்று என்பது மெய். அம்மூன்றும் சமம் என்பது பொய். முதலிலேயே தலை விழுதல் பாதி. பூவுக்குப்பின் தலை விழுதல் கால். இரண்டும் பூவாதல் கால். பாதியும் காலும் சேர்ந்தால் முக்கால்.

வாதம் ஒருபுறம் இருக்க, அனுபவம் என்ன கூறுகிறது? பூபோன் என்னும் அறிஞர், வேறொரு புதிரைத் தீர்ப்பதற்காக, ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு காசு சுண்டச் செய்து, கணக்கை 1777-ல் வெளியிட்டார். தலை விழும்வரை சுண்டுவது ஓர் ஆட்டம். இவ்விதம் 2,048 ஆட்டங்கள். முதற்சுண்டில் முடிந்தவை 1,061, இரண்டாவதில் 494, ஆக 1,555. முக்கால் என்றால் 1,536 வரவேண்டும். தலாம்பேர் கூற்றுப்படியோ சுமார் 1,365. மேதையின் புகழுக்காகக் காசு வளைந்து கொடுக்கவில்லை!

அக்கணக்கில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. தொடர்ந்து பூவே விழுந்தால், இனித் தலையின் முறை என்று நம்பிச் சம்பளப் பணத்தை வைத்திழப்போர் நம்மவரிலும் உளர். பூபோன் கணக்கில் ஐந்து முறை தொடர்ந்து பூ விழுந்த ஆட்டங்கள் 68. ஆறாவது முறை தலை விழுந்ததோ 29-ல்தான், பாதிக்கும் குறைவு. முன் விழுந்ததைக் காசு நினைவில் வைப்பதில்லை. தோற்றவனுக்கு அது கடன்பட்டதுமில்லை.

ஐயமுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு காசைக் கொடுத்து, சில நூறு முறை சுண்டி எழுதிவைக்கச் செய்வார்களாக. பந்தயம் வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும்.